புதுசு கடிக்கும்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, மூக்கு. எதைக் கையில் எடுத்தாலும் மோந்து பார்ப்பார். மீனை மோந்தால் சரி, துரியானை மோந்தால் சரி. இந்த மனிதர் பிளாஸ்டிக்கை மோந்து பார்ப்பார். அதுவும் சும்மா இல்லை, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கின் நுனி அதில் படுகிற அளவுக்கு. பிறகு அதைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார். பிறகு கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தோடு விளிம்பின் உள்பக்கத்தைச் சுற்றி ஒரு தடவு தடவுவார். எல்லாம் முடிந்ததும், "ம்ஹூம், இது வேணாம்லா," என்று விற்கிறவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்து அதை வாங்கப் போகிறவன் நான். கருமம்.

விற்கிறவன் ஆ செங். எங்களோடு டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற சீன நண்பன். ஈப்போவை விட்டுக் கொஞ்சம் வெளியே, ஈயம் தோண்டி மூடிப்போன லம்பத்துக் குட்டையைச் சுற்றி ஒரு பூங்கா இருக்கிறது. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்தும் மட்டையும் கிடையாது. சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்குகிற ஓர் இரும்புக் கூடை. தூரத்திலிருந்து எறிய ஒரு வகை வட்டு, கூடைக்குக் கிட்டே வந்தபின் உள்ளே போட இன்னொரு வகை. அந்தக் கடைசி வட்டுக்குப் பெயர் பட்டர். ஆட்டத்தில் மானம் போவதும் நிற்பதும் அதில்தான்.

ஆ செங் தன் காரின் பின் பொனட்டைத் திறந்து வட்டுகளைப் பரப்பி வைப்பான். நம் ஆள் வந்து ஒவ்வொன்றாக எடுத்து மோந்து, ஒட்டி, தடவி, அமுக்கிப் பார்க்கிற வரைக்கும் மற்றவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். "அங்கிள், மாவு பெலி கா, மாவு ச்சியும்?" என்பான் ஆ செங். வாங்கப் போறியா, முத்தம் கொடுக்கப் போறியா என்று அர்த்தம். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். பையிலிருந்து மாவு நிறுக்கிற சின்னத் தராசை எடுத்து வட்டை அதன்மேல் வைப்பார். பின்பக்கம் எழுதியிருக்கிற எடைக்கு ஒரு கிராம் கூடியிருந்தால் போச்சு, உதட்டைப் பிதுக்குவார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு விஷயம் தெரியும். ரப்பர் கையுறை செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் சூப்பர்வைசர். ஊசி முனை ஓட்டையை விரலாலேயே கண்டுபிடிக்கிறவர். ஈப்போ வெயிலுக்கு மெத்தென்ற பிளாஸ்டிக் ஆகாது, துவண்டுவிடும் என்பார். பளபளவென்று இருக்கிற உயர்ந்த ரகம் பல வருஷம் உழைக்கும், ஆனால் மழை நேரத்தில் கையை விட்டு நழுவும். சொரசொரப்பான மலிவு ரகம்தான் பட்டருக்குச் சரி. விளிம்பு விரலுக்குள் ஆழமாக உட்கார வேண்டும், மேல்பக்கம் மேடு தட்டக்கூடாது. எல்லாம் உண்மை. ஒரே ஒரு சங்கடம், அந்தச் சொரசொரப்பு ரகம் புதுசில் முரண்டு பிடிக்கும். கூடைக்குக் கிட்டே போய் இடது பக்கம் சாய்ந்துவிடும். சங்கிலியிலும் மரத்திலும் கல்லிலும் அடிபட்டு, விளிம்பு மழுங்கி, அப்புறம்தான் நினைத்த இடத்தில் போய் விழும். அதற்கு மாசக்கணக்கில் எறிய வேண்டும், எறிந்ததை எடுக்கக் குனிய வேண்டும். குனிகிற வேலைதான் அவருக்கு ஆகாது.

தான் எதையும் பழக்க மாட்டார். மற்றவர்கள் பழக்கிக் கொடுக்க வேண்டும். பழகி முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்.

இது வட்டோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கென்ன தலையெழுத்தா? கூடப் பிறந்த அக்காவை, அறுபது தாண்டிய வயசில், குடியிருந்த வீட்டைவிட்டு எழுப்புகிற வரைக்கும் போனது அந்தப் புத்தி. அந்த வீட்டில் குளிர்சாதனம் மாட்டியவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

முதலில் என் சங்கதி. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் ஆ செங்கிடம் நான்கு பட்டர் பொறுக்கி எடுத்தார். மஞ்சள் நிறத்தில் ஒன்றை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கி, "தம்பி, உன் கைக்கு இது நல்லா நிக்கும்லா. வெச்சுக்கோ. இனிமே இது உன்னுது," என்றார். நான் உருகிப் போய்விட்டேன். நம்ம ஆள், நம்ம சர்ச் சபைக்காரர், எவ்வளவு பெரிய மனசு! வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு குதிக்கிறீங்க, சோறு கூட வைக்க முடியாது இதுல," என்றாள்.

ஏர்கோன் வேலை முடிந்து வருகிற வழியில் தினமும் பூங்காவில் நிறுத்துவேன். அந்த மஞ்சளை எறிந்து எறிந்து தோள்பட்டை கழன்றது. மரத்தில் பட்டுச் சிராய்த்தது, கூடையின் கம்பியில் பட்டு நெளிந்தது. அதன் விளிம்பைச் சுடுதண்ணீரில் நனைத்து நிமிர்த்தினேன். மெல்ல மெல்ல அது என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பத்து அடியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சங்கிலி சத்தம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "எங்க, காட்டு தம்பி." கொடுத்தேன். மோந்தார், கன்னத்தில் வைத்தார், நாக்கில் தொட்ட விரலால் தடவினார். "வந்துருச்சு," என்றார். தன் பையில் போட்டுக்கொண்டார். வேறு ஒரு புது பட்டரை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, அது என்னுதுண்ணே."

"புதுசு தாரேன்லா உனக்கு. பழசை எடுத்துக்கிட்டு புதுசு குடுக்கிறேன். அதுக்கு முறைக்கிறியே!"

நியாயம் அவர் பக்கம் இருப்பது மாதிரியே இருந்தது, அதுதான் கொடுமை. பக்கத்தில் நின்ற இன்னொருவன் என் காதில், "என்னுதையும் போன வருஷம் இப்படித்தான் எடுத்தாரு மச்சான்," என்றான். நான்கு பட்டர், நான்கு பேர். நாலு பேரும் பழக்குவோம், எது நன்றாக வந்திருக்கிறதோ அது அவருக்கு. மற்ற மூன்றும் "சும்மா வெச்சுக்கோ". அவ்வளவு பெரிய மனசு.

ஆட்டம் முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இதே கூத்துதான். இழுத்து ஆற்றிய தே தாரிக் வந்ததும் தன் கோப்பையைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் தள்ளுவார். "சூடு பாரு தம்பி." அவன் ஒரு வாய் உறிஞ்சி, பரவாயில்லை அண்ணே என்றதும் வாங்கிக் குடிப்பார். நாக்கைச் சுட்டுக்கொள்ள அவனவன் இருக்கும்போது அவர் ஏன் சுட்டுக்கொள்ள வேண்டும்? அவர் பக்கத்து நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

என் மஞ்சள் பட்டரை வைத்துக்கொண்டு லூமுட்டில் நடந்த ஒரு போட்டியில் மூத்தோர் பிரிவில் கோப்பை வாங்கினார். வாங்கட்டும். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. கோப்பையை மேடைமேல் வைத்து, வலது கையை உயரத் தூக்கி, "ஆண்டவர் இந்தக் கையைப் பழக்கினார்!" என்றார். சபை முழுக்க ஆமென். என் மனைவி என்னை இடித்து, "ஆண்டவரு தினம் சாயங்காலம் லேட்டா வீட்டுக்கு வந்தாரே, அவருதானே?" என்று கிசுகிசுத்தாள். நான் ஆமென் சொல்லவில்லை.

இனி அந்த அக்கா.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி சப்பாத்துக்காக. நான் சுங்கை சிப்புட் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்து நம் ஆள், "வர்ற வழியில அக்கா வீட்டுல என் சப்பாத்து இருக்கு, எடுத்துட்டு வந்துரு தம்பி," என்று சொல்லியிருந்தார். போனேன். ரப்பர் எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். கதவைத் திறந்த அம்மாள் கைலியும் பழைய டீ சட்டையும் போட்டிருந்தார். காலில் கறுப்புத் தோல் சப்பாத்து, ஆம்பளை சைஸ், பளபளவென்று புதுசு. அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்கும் வாசலுக்கும் டக் டக்கென்று நடந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருங்கய்யா, கழட்டித் தாரேன்," என்று வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு ஜோடி காலுறை. அதையும் உருவியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. குதிகால் இரண்டிலும் தோல் வழன்று, பிளாஸ்திரி ஒட்டி, அதையும் தாண்டி நீர் கசிந்திருந்தது.

"என்னாக்கா இது?"

"தம்பிக்குப் புதுசு கடிக்கும்லா. சின்னதுலேருந்தே அப்படித்தான். நான் கொஞ்ச நாள் போட்டு நடந்தா மெத்துன்னு ஆயிரும்."

"உங்களைக் கடிக்காதா?"

"என்னைக் கடிச்சா என்னா? நான் எங்க போகப் போறேன்?" என்று சிரித்துக்கொண்டே சப்பாத்தைத் துணியால் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். வண்டியில் அந்தப் பையை என் பக்கத்தில் வைக்கப் பிடிக்காமல் பின்னால் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் போட்டேன். வழியெல்லாம் அந்தக் குதிகால்தான் கண்முன்னே நின்றது.

அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அக்கா பேசுகிற ஆள். கல்யாணம் ஆகவில்லை. முன்பு ஈப்போவில் புந்தோங்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்து கண்டீனில் வேலை பார்த்தார். சொந்தச் சம்பாத்தியம், சொந்தச் சாவி. தம்பி இந்த வீட்டை வாங்கியதும் உள்ளே போய் ஒரு மூச்சு இழுத்தாராம், சிமெந்து வாடையும் பெயிண்ட் வாடையும் தலையை இடித்ததாம். அக்காவிடம் வந்து, "ஏன்கா வாடகை ரூம்ல கெடக்குற? இனிமே இதுதான் உன் வீடு," என்று சொல்லியிருக்கிறார். அக்கா அறையைக் காலி செய்து, வேலையை விட்டு, கிளம்பி வந்துவிட்டார். அந்த நாளைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். "நான் கேக்கலய்யா. அவனாதான் சொன்னான்."

வந்து பார்த்தால் வீடா அது! அடுப்படிக் கூரை ஒழுகும். குழாயில் தண்ணீர் நூலாக வரும். வாசலில் ஓடும் லோங்காங் வடிகால் மழைக்கு அடைத்துக்கொண்டு சாக்கடை உள்ளே வரும். பின்பக்கத்து எண்ணெய்ப்பனை மரங்களிலிருந்து எறும்பு படையெடுக்கும். மண் சிவப்பாக இறுகிக் கிடந்தது, புல்கூட முளைக்காது. இந்த அக்கா நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்து லோங்காங்கை வெட்ட வைத்தார். ஏணி போட்டு ஏறி ஒழுகலுக்குத் தார் பூசினார். கோழி எருவைச் சுமந்து வந்து கொட்டி மண்ணைக் கறுப்பாக்கினார். முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான், மூலையில் ஒரு மல்லிகை. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் முதலில் முகம் கொடுக்காதவராம், பிறகு வேலிக்கு மேலே தட்டு போகும், தட்டு வரும். சில வருஷத்தில் அந்த வீடு மனிதர் இருக்கிற வீடு மாதிரி ஆனது. நான் போனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனசு ஆறும்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அக்கா வீட்டுல பெரிய ரூம்ல ஒரு ஏர்கோன் மாட்டணும். நல்ல மெஷினா பாரு, சத்தம் வரக்கூடாது."

எனக்கு நம்பவே முடியவில்லை. மனைவியிடம், "ஆளு திருந்திட்டாரு போல," என்றேன்.

"மாட்டிட்டு வந்து சொல்லுங்க," என்றாள். அவளுக்கு என்னைவிட மண்டை வேலை செய்யும்.

அன்றைக்கு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சுவரில் துளை போடுகிறேன், அவர் கீழே பழைய செய்தித்தாளை விரித்துத் தூசியைப் பிடிக்கிறார். "எனக்கு எதுக்குய்யா ஏர்கோன்? மூட்டு வலிக்கும். நான் சொன்னா அவன் கேக்க மாட்டேங்கிறான். வயசாச்சு, வெக்கையில கெடக்காதங்கிறான்." வேலிப் பக்கம் போய் மலாய் அம்மாளிடம், "அடெக் சாயா பெலி!" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தார். என் தம்பி வாங்கிக் கொடுத்தான் என்று. முகமெல்லாம் பல். பெரிய அறையில் தன் பாயை எங்கே போட்டால் காற்று நேராகப் படாது என்று என்னையே கேட்டார். நானும் மூலையைக் காட்டினேன்.

நான் மெஷினை ஓடவிட்ட நேரத்தில் தம்பிக்காரர் வந்து சேர்ந்தார். மெஷினைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார். உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றினார். ஓர் இடத்தில் நின்று கன்னத்தைச் சுவரில் ஒட்டினார், கண்ணை மூடி மோந்தார். அலமாரியைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டினார். அடுப்படிக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தில் கையை நனைத்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பின்வாசலில் நின்று கறுப்பு மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கினார், அதையும் மோந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துருச்சு," என்றார்.

அக்கா உள்ளே தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். தம்பிக்காரர் என்னைக் கார் நிறுத்துகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "நான் ரிட்டையர் ஆறேன் தம்பி. வீட்டுக்காரியோட இங்க வந்துரலாம்னு இருக்கேன். டவுன்ல ஒரே சத்தம்லா," என்றார்.

"அப்ப அக்கா?"

"அதுக்கு வேற எடம் பாத்து வெச்சிருக்கேன். இப்ப ஒண்ணும் சொல்லிக்காத. புது மெஷின்ல மொதல்ல ஒரு வாடை வரும், தண்ணி ஒழுகினாலும் ஒழுகும். கொஞ்ச நாள் அக்கா ஓட விடட்டும். கோளாறு இருந்தா அது பாத்துச் சொல்லும்."

அக்கா இரண்டு கோப்பையோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தம்பியிடம் நீட்டுமுன் தானே ஒரு வாய் உறிஞ்சி, சரியாக இருக்கிறது என்று தலையாட்டி, பிறகு கொடுத்தார். யாரும் கேட்கக்கூட இல்லை. நான் என் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்தேன்.

அவர் கார் கிளம்பிப் போனதும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "அக்கா, இந்த மெஷின் உங்களுக்கு இல்லக்கா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா ஏர்கோன் வந்த அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். சுவரோரம் சாத்தினார். அது சரிந்தது. திரும்பச் சாத்தினார்.

"எப்பவாம்?"

"ரிட்டையர் ஆனதும்னாரு."

"அவனா சொன்னதுதான்யா. உன் வீடுன்னு. நான் கேக்கல," என்றார். பிறகு, "பக்கத்து வீட்டு அம்மாகிட்ட வேற சொல்லிட்டேனே," என்றார். என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவமானம் அவருக்கு. செய்தவன் எங்கோ கார் ஓட்டிக்கொண்டு போகிறான்.

அந்த ஞாயிறு நான் ஆடுவதற்காகப் பூங்காவுக்குப் போகவில்லை. கேட்கத்தான் போனேன். அவர் கூடைக்கு முன்னால் நின்று என் மஞ்சள் பட்டரை ஒவ்வொரு முறையும் உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கா பாவம்ணே. வயசான காலத்துல எங்க போகும்?"

"ரோட்டுலயா விட்டேன்? எடம் பாத்து வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல."

"இனிமே இதுதான் உன் வீடுன்னு சொன்னீங்களே?"

அவருக்குக் கோபமே வரவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான் அக்கறையா பாத்துக்கும் தம்பி. அடுத்தவன் வீடுன்னா யாரு எரு சுமப்பா? யாரு கூரையில ஏறுவா? உனக்கும் அப்படித்தான். உன்னுதுன்னு சொன்னதாலதானே அவ்வளவு எறிஞ்சே?"

தூ! நிஜமாகவே துப்பினேன், புல்லில். என் வாழ்நாளில் ஒரு மனிதனுக்கு முன்னால் துப்பியது அந்த ஒரு முறைதான், அதற்கு இன்றுவரை வெட்கப்படவில்லை. பையைத் திறந்து, அவர் பதிலுக்குக் கொடுத்திருந்த புது பட்டரை எடுத்து, ஈய லம்பத்துக் குட்டையின் நடுவில் போய் விழுகிற மாதிரி வீசினேன். அது மூழ்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "அடடா," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "இன்னும் ரெண்டு மாசத்துல வந்துருக்குமேலா."

அதோடு அந்தப் பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சபையையும் மாற்றிக்கொண்டோம்.

வீட்டில் நானும் மனைவியும் பேசினோம். பேசினோம் என்ன, அவளே முடிவெடுத்துவிட்டாள். பின்னறையில் நான் குவித்து வைத்திருந்த பழைய ஏர்கோன் சாமான்களைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தாள். புது மெத்தை, புதுத் திரைச்சீலை. "அந்த அக்கா வந்து காலை நீட்டி உக்காரட்டும். ஒரு வேலையும் தொட விடமாட்டேன்," என்றாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "பாக்கலாம்யா," என்றார். அது சம்மதம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வீடு மாறுகிற அன்று என் வேனை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் சாமான் அதிகம் இல்லை. ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், பாத்திர மூட்டை, சாமி படம். தம்பி கிறிஸ்தவராகப் போனபிறகும் அக்கா முருகனை விடவில்லை. நானே எல்லாவற்றையும் ஏற்றினேன். தம்பிக்காரர் வாசலில் நின்று, பீரோ சுவரில் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டார். பீரோவுக்காக இல்லை, சுவருக்காக.

கடைசியில் ஒரு சாவிக்கொத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "காம்பார்ல ஒரு அடுக்குமாடி வீடு எடுத்திருக்கேன்கா. யூனிவர்சிட்டிக்குப் பக்கம். பின்னால படிக்கிற பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விடலாம். இப்பதான் கட்டி முடிச்சான், உள்ள போனா பெயிண்ட் நெடி தாங்கல. பாத்ரூம்ல வேற என்னமோ ஒழுகுது. நீ போய் இரு." அக்காவின் தோளில் கைவைத்து, "இனிமே அதுதான் உன் வீடு," என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அதே வார்த்தை! வேறு வார்த்தை தேட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"வேணாம்கா," என்றேன். "அந்தச் சாவியை வாங்காதீங்க. எங்க வீட்டுக்கு வாங்க. என் வீட்டுக்காரி ரூமை ரெடி பண்ணி வெச்சிருக்கா. நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார், கொல்லை வேலையில் சொரசொரத்த கை. வரப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உங்க வீட்டுல எங்கயாச்சும் ஒழுகுதாய்யா?"

"இல்லக்கா."

"கொல்லையில செடி வைக்க எடம் கெடக்கா?"

"சிமெந்து போட்டுட்டோம்கா. பெருக்கிற வேலைகூட இல்ல. எல்லாமே சரியா இருக்கு, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

அவரை இழுப்பதற்காகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அவர் பிடி தளர்வது தெரிந்தது.

"அப்ப அங்க எனக்கு என்னாய்யா வேலை?" என்றார். தம்பியிடமிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வேனில் ஏறி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "காம்பாருக்கே போலாம்யா. இருட்டுறதுக்குள்ள போனா அந்த ஒழுகல் எங்கேருந்துன்னு பாத்துரலாம்," என்றார்.